தந்த வேட்டை: கேட்டவர்களும் பதில்களும்

யானை வேட்டை, தந்தக் கடத்தல் வழக்குகள், அவை பற்றிய ஆய்வுகள் ஆகியவற்றைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்து வருகிறேன். இது குறித்துப் பலரும் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். சில பதில்கள் நீளமாக இருக்கும், விஷயம் அப்படி.

யானையைக் கொல்லாமல் தந்தத்தை மட்டும் அறுத்து எடுக்க முடியாதா? மாட்டுக்குக் கொம்பு சீவுகிறோமே, அது மாதிரி?

முடியாது. தந்தம் கொம்பு இல்லை, பல். மேல்தாடையின் வெட்டுப்பல்தான் நீண்டு வளர்ந்து தந்தமாக வெளியே வருகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மண்டை ஓட்டுக்குள் புதைந்திருக்கும். அந்த வேர்ப்பகுதி உள்ளே கூடாக, நரம்பும் ரத்த நாளங்களும் நிறைந்த சதையோடு இருக்கும். தந்தம் எடை போட்டு விற்கப்படும் பொருள். அதனால் வேட்டைக்காரன் உள்ளே இருப்பதை விட்டுவைப்பதில்லை. கோடாரியால் முகத்தையே வெட்டிப் பிளந்து வேரோடு எடுக்கிறான். யானைக்கு உயிர் முழுதாகப் போகும்வரை அவன் காத்திருப்பான் என்றும் சொல்ல முடியாது. வேட்டையாடப்பட்ட யானைகளின் படங்களில் முகம் என்று ஒன்றே இல்லாமல் இருப்பது இதனால்தான்.

நரம்பு எட்டாத நுனிப்பகுதியை அறுக்கலாம், வளர்ப்பு யானைகளுக்குச் செய்கிறார்கள். காட்டு யானைக்குச் செய்வதானால் ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து மயக்க ஊசி போட வேண்டும். தந்தம் வாழ்நாள் முழுக்க வளரும் என்பதால் அதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். ஆப்பிரிக்காவில் காண்டாமிருகங்களைக் காப்பாற்றக் கொம்பை முன்கூட்டியே அறுத்துவிடும் முறை இருக்கிறது. அடியில் மிச்சமிருக்கும் துண்டுக்காக அவற்றையும் கொன்றிருக்கிறார்கள். யானைக்கு மண்டைக்குள்ளேயே இவ்வளவு இருக்கும்போது கேட்கவே வேண்டாம்.

நான் கல்லூரி மாணவி. ஆப்பிரிக்க யானைகள் அழிகின்றன என்று ஒரு பக்கம் படிக்கிறேன், யானைகள் பெருகிவிட்டன என்று இன்னொரு பக்கம் படிக்கிறேன். எது உண்மை?

இரண்டும் உண்மைதான் அம்மா. எந்த இடத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது.

1979ல் ஆப்பிரிக்கா முழுவதும் சுமார் 13 லட்சம் யானைகள் இருந்ததாகக் கணக்கிட்டார்கள். பத்தே ஆண்டுகளில் அது 6 லட்சம் அளவுக்கு இறங்கியது. 1989 அக்டோபரில் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக ஒப்பந்தத்தின் நாடுகள் சுவிட்சர்லாந்தின் லொசானில் கூடி, வணிகத்துக்குத் தடையுள்ள முதல் பட்டியலில் ஆப்பிரிக்க யானையைச் சேர்த்தன. 1990 முதல் பன்னாட்டுத் தந்த வணிகம் நின்றது, யானைகளுக்குச் சில காலம் மூச்சு விட இடம் கிடைத்தது. 2000களின் பிற்பாதியில் இரண்டாவது அலை வந்தது. 2011ஐ ஒட்டி அது உச்சத்தில் இருந்தது. தான்சானியாவில் 2009ல் 1,09,000 ஆக இருந்த யானைகள் 2014ல் 43,000 ஆகின. காபோனின் மின்கேபே காட்டில் 2004 முதல் 2014 வரையிலான பத்தாண்டுகளில் ஏறக்குறைய 25,000 காட்டு யானைகள் இல்லாமல் போயின. 2012 தொடக்கத்தில் கேமரூனின் பூபா என்ஜிடா பூங்காவுக்குள் குதிரையில் வந்த ஆயுதக் கும்பல் சில வாரங்களில் நூற்றுக்கணக்கான யானைகளைச் சுட்டுத் தள்ளியது.

இப்போது கிழக்கு ஆப்பிரிக்காவில் வேட்டை நன்றாகக் குறைந்திருக்கிறது. தென்பகுதியில் போட்ஸ்வானா, ஜிம்பாப்வே, நமீபியா, சாம்பியா, அங்கோலா எல்லைகள் சேரும் பரப்பில் 2022ல் எடுத்த கணக்கெடுப்பு சுமார் 2,28,000 யானைகள் என்றது. அங்கே "பெருகிவிட்டன" என்று ஒரு விவசாயி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மத்திய ஆப்பிரிக்காவின் அடர்காட்டு யானை வேறு இனம். 31 ஆண்டுகளில் அதன் எண்ணிக்கை 86 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்துவிட்டது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் 2021ல் அறிவித்து, மிக அபாய நிலையில் உள்ள இனமாக அதைத் தனியே வகைப்படுத்தியது. அந்த இனத்தில் பெண் யானை முதல் குட்டி போடவே இருபது வயதைத் தாண்டிவிடும். அடுத்த குட்டிக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். வேட்டை இன்றே முழுதாக நின்றாலும் அவை இரட்டிப்பாக அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடிக்கும். மொத்தக் கண்டத்துக்கும் ஒரே எண்ணைச் சொல்லும் செய்தியைப் படித்தால், எந்த இனம், எந்தப் பகுதி என்று முதலில் கேளுங்கள்.

ஆசிய யானைகளில் ஆணுக்கு மட்டும்தானே தந்தம்? அப்படியானால் இங்கே பாதிப்பு குறைவு என்று எடுத்துக்கொள்ளலாமா?

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும். ஆப்பிரிக்காவில் ஆண், பெண் இரண்டுக்கும் தந்தம் உண்டு, அதனால் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறார்கள். ஆசியாவில் வேட்டைக்காரன் கொம்பனை மட்டும் தேர்ந்தெடுக்கிறான். கூட்டம் அப்படியே மேய்ந்துகொண்டிருக்கும், குட்டிகளும் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பது போலவே இருக்கும்.

கேரளத்தின் பெரியாறு இதற்கு எடுத்துக்காட்டு. 1970களிலும் 80களிலும் அங்கே கொம்பன்களைக் குறிவைத்து வேட்டையாடினார்கள். 1980களின் இறுதியில் வளர்ந்த ஆண் ஒன்றுக்கு நூறு பெண் யானைகளுக்கு மேல் என்ற விகிதம் பதிவானது. பெண் யானைகள் இருந்தும் குட்டிகள் பிறப்பது குறைந்தது. இருந்த சில ஆண்களே எல்லாக் குட்டிகளுக்கும் தகப்பன் என்றால் அடுத்த தலைமுறையின் மரபணு வளம் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எண்ணிக்கைக் கணக்கெடுப்பில் இந்தச் சேதம் உடனே தெரியாது. அதனால்தான் ஆசிய யானைகளைக் கணக்கெடுக்கும்போது ஆண், பெண், வயது என்று பிரித்துப் பதிய வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

தந்தமில்லாத ஆணான மக்னா தப்பித்துவிடும் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தோம். மியான்மரில் யானைத் தோலுக்காகவே கொல்லும் வேட்டை வந்த பிறகு அந்த நிம்மதியும் போயிற்று. தோலைப் பொடியாக்கி மருந்து என்றும், தோலடிக் கொழுப்பைக் காயவைத்து மணிகளாக்கி மாலை என்றும் விற்கிறார்கள். தோல் வியாபாரிக்கு ஆண், பெண், குட்டி என்ற வேறுபாடு இல்லை.

தந்தமே இல்லாமல் யானைகள் பிறக்க ஆரம்பித்துவிட்டனவாம். இயற்கையே வழி கண்டுபிடித்துவிட்டது, நல்லதுதானே?

மொசாம்பிக்கின் கோரொங்கோசா பூங்காவைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பும் தந்தத்தை விற்றுச் செலவுக்குப் பணம் பார்த்தன. அங்கிருந்த யானைகளில் பத்தில் ஒன்பது செத்தன. போருக்கு முன் பெண் யானைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாகவே தந்தமில்லாதவை இருந்தன, போருக்குப் பின் பெண் யானைகளில் பாதிக்குத் தந்தமில்லை. துப்பாக்கியிலிருந்து தப்பியவை பெரும்பாலும் தந்தமில்லாத பெண்கள். அவற்றின் மகள்களிலும் பல அப்படியே பிறந்தன.

நல்லது என்று என்னால் சொல்ல முடியவில்லை. 2021ல் வெளியான ஆய்வின்படி இந்தப் பண்பு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதைப் பெறும் ஆண் கரு பிறக்கும் முன்பே இறந்துவிடுகிறது. தந்தமில்லாத தாய் சுமக்கும் ஆண் குட்டிகளில் பாதி பிழைப்பதில்லை. அப்புறம், யானைக்குத் தந்தம் ஒரு வேலைக் கருவி. வறண்ட ஆற்றுப் படுகையைத் தோண்டி ஊற்றுக் காண்பது, மரப்பட்டையை உரிப்பது, மண்ணிலிருந்து உப்பைக் கிளறி எடுப்பது எல்லாம் அதனால்தான். யானை தோண்டிய குழியில் மற்ற விலங்குகளும் வந்து குடிக்கின்றன. தந்தமில்லாதவை வேறு உணவுக்கு மாறிவிடுவதை அதே பூங்காவில் அவற்றின் லத்தியை ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். வேட்டை ஒரு இனத்தின் உடலையே மாற்றிவிட்டது, நாம் அதைத் தீர்வு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு யானை செத்தால் ஒன்று குறைகிறது, அவ்வளவுதானே? "பெரிய யானைகளைக் கொன்றால் பெரிய இழப்பு" என்று ஏன் தனியாகச் சொல்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் வேட்டையின் உண்மையான விலை இங்கேதான் இருக்கிறது.

வயது கூடக் கூடத் தந்தத்தின் எடை கூடும். ஆகவே வேட்டைக்காரன் முதலில் தேடுவது மூத்தவற்றை. யானைக் கூட்டத்தை வழிநடத்துவது மூத்த பெண் யானை. எந்தக் கோடையில் எங்கே தண்ணீர் இருக்கும், எந்த வலசைப்பாதையில் போனால் மேய்ச்சல் கிடைக்கும், எதிரே வரும் யானைகளின் குரல் பழகியதா அந்நியமா என்பதெல்லாம் அதற்குத்தான் நன்றாகத் தெரியும். கென்யாவின் அம்போசெலியில் 1972லிருந்து யானைக் குடும்பங்களைத் தலைமுறை தலைமுறையாகப் பதிவு செய்துவருகிறார்கள். அங்கே ஒலிபெருக்கியில் யானைக் குரல்களை ஒலிக்கவைத்துச் சோதித்தபோது, வயதான தலைவி இருந்த கூட்டங்கள் தெரிந்த குரலையும் தெரியாத குரலையும் சரியாகப் பிரித்தறிந்தன. இளம் தலைவியின் கூட்டங்கள் தேவையில்லாத நேரத்திலும் பதறின.

1993ல் தான்சானியாவின் தாரங்கிரே பூங்காவில் கடும் வறட்சி. ஒன்பது மாதங்களில் 81 குட்டிகளில் 16 இறந்தன. பூங்காவை விட்டு வெளியேறிப் போன கூட்டங்கள் குறைவான குட்டிகளையே இழந்தன. பூங்காவுக்குள்ளேயே தங்கிய கூட்டத்துக்கு இழப்பு அதிகம், அந்தக் கூட்டம் முந்தைய வேட்டை அலையில் மூத்தவற்றைப் பறிகொடுத்த கூட்டம். வெளியேறியவற்றின் தலைவிகளுக்கு 1958 முதல் 61 வரை நீடித்த பழைய வறட்சியைக் கண்ட வயது இருந்தது. அப்போது எங்கே போய்ப் பிழைத்தோம் என்ற நினைவுதான் 30 ஆண்டுகளுக்குப் பிறகு கைகொடுத்தது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த மூத்த யானையைத் தந்தத்துக்காகச் சுட்டவன் ஒரு யானையைக் கொன்றதாகத்தான் வழக்குப் பதிவாகும். வறட்சியில் செத்த குட்டிகள் எந்தக் குற்றப்பத்திரிகையிலும் வராது.

ஆண்களிலும் இதுவே கதை. வேறிடத்தில் பெரியவற்றைக் கொன்றுவிட்டு, அனாதைக் குட்டிகளை மட்டும் தென்னாப்பிரிக்காவின் பிலானஸ்பர்க் பூங்காவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். அவை வளர்ந்து இளம் ஆண்களானதும் மிகச் சிறிய வயதிலேயே மதம் பிடித்து, 1992 முதல் 97க்குள் 40க்கும் மேற்பட்ட வெள்ளைக் காண்டாமிருகங்களைக் குத்திக் கொன்றன. 1998ல் குரூகர் பூங்காவிலிருந்து ஆறு மூத்த ஆண்களைக் கொண்டுவந்து விட்டபின் இளையவற்றின் மதம் தணிந்தது, காண்டாமிருகங்கள் சாவதும் நின்றது. அந்த ஆறும் யாரையும் அடித்து அடக்கவில்லை. பெரியவர்கள் பக்கத்தில் இருந்ததே போதுமானதாக இருந்தது.

பிடிபடுவது எப்போதும் காட்டில் சுட்டவன்தான். பின்னால் இருப்பவர்களை ஏன் பிடிக்க முடிவதில்லை? நான் ஒரு வழக்கறிஞர், அதனால் இந்தப் பகுதியை விரிவாகச் சொல்லுங்கள்.

சங்கிலி எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்கிறேன், ஐயா. காட்டை அறிந்த உள்ளூர் ஆள் சுடுகிறான். துப்பாக்கியும் தோட்டாவும் பெரும்பாலும் வேறொருவன் கொடுத்தது. ஒரு இடைத்தரகன் சுற்றுவட்டாரத் தந்தங்களைச் சேர்க்கிறான். அவனிடமிருந்து ஏற்றுமதிக்காரன் வாங்கி, டன் கணக்கில் சேர்ந்ததும் கண்டெய்னரில் மரக்கட்டை, தேயிலை, முந்திரி என்று எழுதி அனுப்புகிறான். 2019 ஜூலையில் சிங்கப்பூரில் பிடிபட்டது இதற்குச் சரியான சான்று. காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வியட்நாமுக்குப் போன, மரம் என்று காகிதத்தில் காட்டியிருந்த கண்டெய்னர்களுக்குள் 8.8 டன் தந்தம், கூடவே 11.9 டன் எறும்புத்தின்னிச் செதில். கிட்டத்தட்ட 300 யானைகளின் தந்தம் அது. அந்த அளவுக்குச் சேர்க்கவும் அனுப்பவும் பணமும் துறைமுகத்தில் ஆளும் வேண்டும். காட்டில் சுட்டவனிடம் அந்த இரண்டும் இருக்காது.

முன்பெல்லாம் தந்தம் பிடிபட்ட துறைமுகத்தோடு விசாரணை முடிந்துவிடும். அந்தத் தந்தம் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் வாசர் என்ற அறிவியலாளரின் குழு இதை மாற்றியது. ஆப்பிரிக்கா முழுவதிலுமிருந்து யானை லத்தியைச் சேகரித்து, அதிலுள்ள டிஎன்ஏவை வைத்து மரபணு வரைபடம் ஒன்றை உருவாக்கினார்கள். பிடிபட்ட தந்தத்தில் சிறு துண்டை வெட்டி அந்த வரைபடத்தோடு ஒப்பிட்டால் அந்த யானை வாழ்ந்த பகுதி ஏறத்தாழ 300 கிலோமீட்டருக்குள் தெரிந்துவிடும். 2015ல் வெளியான முடிவு பலரை உலுக்கியது. பெரிய அளவில் பிடிபட்ட தந்தங்களில் பெரும்பகுதி இரண்டே இடங்களிலிருந்து வந்திருந்தது. ஒன்று, தான்சானியாவின் தென்கிழக்கும் அதை ஒட்டிய வட மொசாம்பிக்கும். இன்னொன்று, கேமரூன், காபோன், காங்கோ குடியரசு மூன்றும் சந்திக்கும் காடு. கண்டம் முழுக்க ஆளாளுக்குச் சுட்டுக்கொண்டிருந்தால் இப்படி வராது.

அடுத்து அவர்கள் கண்டது எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. யானைக்கு இரண்டு தந்தம். கடத்துகிறவன் அவற்றைச் சேர்த்துக் கட்டி அனுப்புவதில்லை, வலது ஒரு கண்டெய்னரிலும் இடது வேறொன்றிலும் போய்விடுகிறது. வெவ்வேறு மாதங்களில், வெவ்வேறு நாடுகளில் பிடிபட்ட சரக்குகளில் ஒரே யானையின் இரண்டு தந்தங்களும் இருப்பதை டிஎன்ஏ காட்டிக்கொடுத்தது. ஆய்ந்து பார்த்தால் அந்த இரு சரக்குகளும் ஒரே துறைமுகம் வழியாகப் புறப்பட்டிருந்தன. அப்படியானால் இரண்டையும் சேர்த்து அனுப்பியது ஒரே கும்பல். இதை வைத்து கென்யாவின் மொம்பாசா, உகாண்டாவின் என்டெபே, டோகோவின் லோமே ஆகிய மூன்று நகரங்களை மையமாகக் கொண்ட மூன்று பெரிய கும்பல்களை 2018ல் அடையாளம் காட்டினார்கள். ஒரு சரக்குக்கு மட்டும் சிக்கியவனை அவன் அனுப்பிய மற்ற சரக்குகளோடும் இணைத்து வழக்கு நடத்த இதனால் வழி பிறந்தது.

அது பழைய தந்தம், தாத்தா காலத்தது என்று சொல்லித் தப்பிப்பதும் நடக்கும். அதற்கும் விடை உண்டு. 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் கூடி, பிறகு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவருகிறது. அந்த அளவு தந்தத்திலும் பதிந்திருக்கும். 2016ல் வெளியான ஆய்வில், பெரிய சரக்குகளில் பிடிபட்ட தந்தத்தில் பெரும்பாலானவை பிடிபடுவதற்கு மூன்று ஆண்டுகளுக்குள் கொல்லப்பட்ட யானைகளுடையவை என்று தெரிந்தது.

இவ்வளவு இருந்தும் வழக்கு ஏன் தோற்கிறது? உங்களுக்கே தெரிந்த காரணங்கள்தான். பிடித்த பொருளைப் பதிவதில் குறை, சாட்சிகள் வராமல் போவது, வாய்தா மேல் வாய்தா. கென்யாவில் 2016ல் ஒரு பெரிய தந்த வழக்கில் 20 ஆண்டு தண்டனை விதித்தபோது பலரும் கொண்டாடினோம். 2018ல் மேல்முறையீட்டில் சான்றுகளின் குறையைக் காட்டி அந்தத் தண்டனை ரத்தானது. தான்சானியாவில் யாங் ஃபெங்லான் என்ற பெண் வணிகருக்கு 2019ல் 15 ஆண்டு சிறை விதித்தார்கள். அப்படி வெற்றி பெற்ற வழக்குகளும் உண்டு. வனத்துறையினருக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுப்பதைப் போலவே தடயத்தை எப்படிக் கையாள்வது, குற்றப்பத்திரிகையை எப்படி எழுதுவது என்ற பயிற்சியும் கொடுக்க வேண்டும். உங்களைப் போன்ற வழக்கறிஞர்கள் அந்தப் பயிற்சியில் உதவ முன்வந்தால் பெரிய தொண்டு.

வேட்டைக்காரனைக் கண்டதும் சுட உத்தரவு கொடுத்தால் எல்லாம் நின்றுவிடாதா?

கோபம் புரிகிறது. நிற்காது, தம்பி. சுடப்படுவது சங்கிலியின் கடைசி ஆள், அவன் இடத்துக்கு மறுநாளே வேறொருவன் வருவான். செத்தவனிடம் யாருக்காகச் சுட்டாய் என்று விசாரிக்கவும் முடியாது. அப்பாவிகளும் சாவார்கள்.

காவலர்கள் நிறைய வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் எந்த நிலையில் வேலை பார்க்கிறார்கள் என்று பாருங்கள். பல நாடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்கு நல்ல காலணிகூடக் கிடையாது, சம்பளம் மாதக்கணக்கில் தாமதம், இறந்தால் குடும்பத்துக்குக் காப்பீடு இல்லை. வேட்டைக்காரன் துப்பாக்கியால் மட்டுமே கொல்கிறான் என்றும் நினைக்க வேண்டாம். 2013ல் ஜிம்பாப்வேயின் ஹ்வாங்கே பூங்காவில் யானைகள் தேடி வரும் உப்பிலும் நீரிலும் சயனைடு கலந்தார்கள், நூறுக்கும் மேற்பட்ட யானைகள் செத்தன. சத்தமில்லாத கொலை, ரோந்து போகிறவருக்குக் காதில் விழ ஒன்றுமில்லை. கொன்ற யானையின் உடலில் விஷம் தடவுவதும் உண்டு. பிணந்தின்னிக் கழுகுகள் வானில் வட்டமிட்டால் காவலர்கள் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால் கழுகுகளையே கொன்றுவிடுகிறார்கள். 2019ல் போட்ஸ்வானாவில் மூன்று யானை உடல்களைத் தின்ற 537 கழுகுகள் ஒரே இடத்தில் இறந்து கிடந்தன.

பலன் கொடுப்பது உளவுத் தகவல். எந்த ஊரில் புதிதாகத் தோட்டா வந்திருக்கிறது, யார் வீட்டில் திடீரென்று பணம் புழங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் யானை சாவதற்கு முன்பே தடுக்கலாம். தான்சானியாவில் இந்த வேலையில் முன்னின்ற வெய்ன் லாட்டரை 2017 ஆகஸ்டில் தார் எஸ் சலாம் நகரத் தெருவில் சுட்டுக் கொன்றார்கள். துறைமுக மோப்ப நாய்கள், காங்கோ காடுகளில் மரத்தில் கட்டிவைத்துத் துப்பாக்கிச் சத்தத்தைப் பதியும் கருவிகள் இவையெல்லாம் உளவுத் தகவலுக்குத் துணை.

யானைகளும் சும்மா இருப்பதில்லை. வட கென்யாவில் கழுத்துப் பட்டை பொருத்திக் கண்காணித்த யானைகள், வேட்டை கூடிய இடங்களில் பகலில் அடங்கி இரவில் அதிகம் நடமாடின.

பிடிபட்ட தந்தத்தை எரிப்பது பைத்தியக்காரத்தனம் இல்லையா? விற்று அந்தப் பணத்தில் யானைகளைக் காப்பாற்றலாமே.

அதிகம் பேர் கேட்டது இதைத்தான். கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன், நியாயமான கேள்வி. ஜிம்பாப்வே, நமீபியா, போட்ஸ்வானா போன்ற நாடுகளும் இதையே கேட்கின்றன. எங்கள் யானைகள் பெருகியிருக்கின்றன, இயற்கையாக இறந்தவற்றின் தந்தம் கிடங்கில் குவிந்திருக்கிறது, காவலுக்கு எங்கள் மக்கள் வரிப்பணம் போகிறது, விற்கக் கூடாது என்று சொல்ல நீங்கள் யார் என்று கேட்கிறார்கள். யானையே இல்லாத நாடுகளிலிருந்து அறிவுரை வரும்போது அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது.

ஆனால் விற்றுப் பார்த்தாகிவிட்டது. 1999ல் ஜப்பானுக்கு ஏறக்குறைய 50 டன், 2008ல் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சுமார் 100 டன், சைட்டிஸ் அனுமதியோடே விற்றார்கள். 2008 ஏலத்தில் மொத்தம் கிடைத்தது ஒன்றரைக் கோடி டாலருக்குச் சற்றே மேல். நான்கு நாடுகள் அதைப் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் வந்த சில ஆண்டுகளில்தான் வேட்டை உச்சத்துக்குப் போனது. விற்பனையே அதற்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை இருக்கிறது. சீனாவில் பணக்காரர்கள் பெருகியதும் காரணம் என்பார்கள். என் கருத்து இது: கடையில் சட்டப்படியான தந்தம் இருக்கும்வரை திருட்டுத் தந்தத்துக்கு ஒளிய இடம் இருக்கிறது. சான்றிதழ் இருக்கும் பொம்மையையும் இல்லாத பொம்மையையும் பக்கத்தில் வைத்தால் வாங்குகிறவரால் பிரிக்க முடியாது. சீனாவில் ஒரே சான்றிதழைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திப் புதுத் தந்தத்தை விற்றது விசாரணைகளில் வெளிவந்தது.

கென்யா 1989 ஜூலையில் 12 டன்னை எரித்தது. அந்தப் படம் அதே ஆண்டின் தடைக்குப் பெரிய உந்துதலாக இருந்தது. 2016 ஏப்ரலில் 105 டன்னைப் பதினோரு குவியலாக அடுக்கி மறுபடி எரித்தார்கள். தந்தம் தானாகப் பற்றி எரியும் பொருள் இல்லை, வெளியே கருகி உள்ளே அப்படியே இருக்கும். குழாய் வழியாக எரிபொருளைப் பீய்ச்சியடித்து நாள்கணக்கில் எரிக்க வேண்டியிருந்தது. எரிப்பதால் மட்டும் வேட்டை நிற்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கிடங்கில் வைத்திருக்கவும் காவல் வேண்டும், அங்கிருந்தே திருட்டுப்போன சம்பவங்கள் பல நாடுகளில் உண்டு. தென்பகுதி நாடுகளுக்கு விற்பனைக்குப் பதில் வேறு நிதி கொடுக்க உலகம் முன்வர வேண்டும். அதைச் செய்யாமல் விற்காதே என்று மட்டும் சொல்வது சரியில்லை.

சீனா தடை போட்ட பிறகு விலை குறைந்ததா?

தடை வரப்போகிறது என்ற பேச்சு வந்ததுமே குறைந்தது. 2014ல் சீனாவில் பட்டை தீட்டாத தந்தம் கிலோ 2,100 டாலர் வரை போயிற்று. 2017 தொடக்கத்தில் 730 டாலர் அளவுக்கு வந்துவிட்டது. அந்த ஆண்டு இறுதியில் உள்நாட்டு விற்பனைக்கு முழுத் தடை. 2021 முடிவில் ஹாங்காங், 2022ல் பிரிட்டன் என்று ஒவ்வொன்றாகக் கதவை மூடின. ஜப்பானில் இன்னும் பதிவு செய்த கடைகளில் விற்பனை உண்டு, முத்திரைக் கட்டைகள் செய்ய அங்கே தந்தம் போகிறது. எல்லை தாண்டி லாவோஸ், மியான்மர், வியட்நாம் சந்தைகளுக்குச் சீனப் பயணிகள் போய் வாங்குவதும் நடக்கிறது.

மாமூத் தந்தம் என்று சொல்லி விற்கிறார்களே, அதை வாங்கலாமா?

மாமூத் அழிந்துபோன விலங்கு என்பதால் பன்னாட்டு வணிகத்துக்குத் தடையில்லை. சைபீரியாவின் உறைநிலத்திலிருந்து தோண்டி எடுக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால் யானைத் தந்தத்தையும் அந்தப் பெயரில் விற்க முடிகிறது. குறுக்காக வெட்டிய முழுத் துண்டாக இருந்தால் பிரித்தறியலாம். தந்தத்தின் வெட்டுமுகத்தில் வலை போலக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். வெளி ஓரத்தில் அவை வெட்டிக்கொள்ளும் கோணம் யானைத் தந்தத்தில் 115 பாகைக்கு மேல் விரிந்திருக்கும், மாமூத்தில் 90 பாகைக்கும் குறைவாக நெருக்கமாக இருக்கும். சிறு மணி, மெல்லிய தகடு என்றால் அந்தக் கோணத்தை அளக்கவே இடமிருக்காது. வாங்க வேண்டாம்.

காட்டோரத்தில் இருப்பவனுக்கு யானையால் பயிர் போகிறது, சில நேரம் உயிரும் போகிறது. அவனைப் போய் யானையைக் காப்பாற்று என்றால் எப்படி?

அவரிடம் சொற்பொழிவு ஆற்றும் உரிமை யாருக்கும் இல்லை. ஒரே இரவில் விளைச்சல் முழுதும் போனவரிடம், இழப்பீட்டுக்கு விண்ணப்பித்து ஒரு வருடம் காத்திருங்கள் என்றால், தரகன் வந்து பணம் நீட்டும்போது அவர் முகம் திருப்புவார் என்று எதிர்பார்க்க முடியாது. பழிவாங்கக் கொன்ற யானையின் தந்தமும் கடைசியில் அதே சந்தைக்குத்தான் போகிறது.

நமீபியா 1996ல் சட்டம் கொண்டுவந்து, தங்கள் நிலத்திலுள்ள காட்டுயிர்களை நிர்வகிக்கவும் சுற்றுலா வருமானத்தை வைத்துக்கொள்ளவும் ஊர் மக்களுக்கே உரிமை கொடுத்தது. அங்கே காவலுக்குப் போகிறவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான். கென்யாவில் வயலைச் சுற்றித் தேன்கூடுகளைக் கம்பியில் கோத்து வேலி போடுகிறார்கள். யானை கம்பியைத் தொட்டால் பெட்டி ஆடி தேனீக்கள் கிளம்பும், யானை ஓடிவிடும். பயிரும் தப்புகிறது, தேனும் கிடைக்கிறது. எல்லா இடத்துக்கும் பொருந்தாது, தேனீ தங்காத வறண்ட பருவத்தில் வேலி வெறும் கம்பிதான். இழப்பீடு விரைவாகக் கைக்கு வருவதைவிடப் பெரிய வேட்டைத் தடுப்பு நடவடிக்கை பல இடங்களில் இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

பாட்டி வைத்துவிட்டுப் போன தந்த வளையல் ஒன்று வீட்டில் இருக்கிறது. விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். சில நாடுகளில் பரம்பரையாக வந்ததைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம், சில இடங்களில் ஆவணம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அதனால் முதலில் நீங்கள் இருக்கும் நாட்டின் வனத்துறையிடமோ வனவிலங்கு அதிகாரியிடமோ எழுத்து மூலம் கேளுங்கள். தானாக முன்வந்து கேட்பவரைப் பார்க்கும் விதமே வேறு. எந்தக் காரணத்துக்காகவும் அதை விமானத்தில் எடுத்துப் போகாதீர்கள், தபாலில் அனுப்பாதீர்கள். அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் அது எவ்வளவு பழையதாக இருந்தாலும் கடத்தல்தான். விலை கேட்டுப் படம் எடுத்து இணையத்தில் போடவும் வேண்டாம். அப்படிப் போட்டவுடன் வாங்குவதற்கு ஆள் வரும், அவர் எப்படிப்பட்டவர் என்று உங்களுக்குத் தெரியாது.

ஒப்படைக்க முடிவு செய்தால் வாங்கிக்கொண்டதற்கான ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வளையல் எந்தக் காலத்தில், யாரிடமிருந்து பாட்டிக்கு வந்தது என்று உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதிக் கொடுங்கள். அது இருந்தால் அருங்காட்சியகமோ ஆய்வகமோ அந்தத் துண்டைப் பயன்படுத்த முடியும்.